என் ஓரகத்தியும் அவள் வளர்த்த கூஸ் மாப்பிள்ளையும்

என் கணவரின் அண்ணன் மனைவியிடம் ஒரு வேலையை முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால், அதைச் செய்து முடிக்கும்வரை வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி கிடையாது. ஆண்கள் கைவிட்ட தண்ணீர்க் குழாயை ஒருநாள் மதியம் முழுக்க உட்கார்ந்து கழற்றி மாட்டினாள். குழாய் சரியானது, அன்று சோறு ஆகவில்லை. அதற்காக அவள் வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை.

நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்துப் பக்கத்து போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம், கொல்லைப்புறம் பொது. அங்கே அக்கா வாத்து வளர்த்து, முட்டையைத் தெருமுனை பேக்கரிக்குக் கொடுக்கிறாள். அவளுக்கென்று வருகிற கைக்காசு அது ஒன்றுதான். யாரிடமும் கை நீட்டாமல் வாங்கிய செருப்பு என்று காலைத் தூக்கி என் மூக்குக்கு நேரே காட்டியிருக்கிறாள்.

தெருநாய் ஒன்று சுவரேறிக் குதித்து வாத்துகளைத் தூக்க ஆரம்பித்தது. லாரி ஓட்டுகிற அவள் கணவர் எங்கிருந்தோ கூஸ் என்கிற, வாத்தைவிடப் பெரிய நீளக் கழுத்துப் பறவையில் ஒரு ஆணையும் இரண்டு பெட்டையையும் கொண்டுவந்து இறக்கினார். காவலுக்கு ஆச்சு என்று சொல்லிவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஆம்பளைகள் ஏற்பாடு செய்வது எப்போதும் இந்த அழகில்தான்.

காவல் என்னவோ உண்மைதான். ஆண் கூஸ் இறக்கையை விரித்துக்கொண்டு பாய்ந்ததில் அந்த நாய் அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் கூஸ்கள் முட்டையிடும் பருவம் வந்ததும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர்த் தொட்டி அவனுடையது, தவிட்டுச் சட்டி அவனுடையது, எல்லாரும் ஒதுங்கி நிற்கவேண்டும். அதனால்தான் நான் அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தேன். ஒரு வாத்தைப் பிடரியில் கவ்விச் சேற்றில் அழுத்தினான். மற்றவை சுவரோரம் ஒடுங்கிக்கொண்டு முட்டையையே நிறுத்திவிட்டன.

பேசாமல் அவனைக் குழம்பில் போடு என்றேன்.

"நாயும் வரக்கூடாது, வாத்தும் முட்டை போடணும். எனக்கு ரெண்டும் வேணும்," என்றாள் அக்கா.

துணி துவைத்தபடியே நாள் முழுக்க அவனைக் கவனித்தாள். கண்ணுக்குத் தெரிகிற தீனிக்கும் தண்ணீருக்கும்தான் சண்டை போடுகிறான் என்று கண்டுபிடித்தாள். உடனே தவிட்டுச் சட்டியை இரண்டாக்கி, ஒன்றைத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். மூலையை அடைத்து ஒரு பலகை அடித்தாள். அடியில் வாத்து நுழையலாம், கூஸ் நுழைந்தால் நெஞ்சு முட்டும். அதற்குள்ளே வாத்துக்கென்று தனித் தண்ணீர். இரவில் கூஸ்கள் விறகுக் கொட்டகையில், வாத்துகள் பழைய குளியலறையில்.

வாத்துக்குப் புத்தி இருந்தால்தானே. புது வழி தெரியாமல் பலகைக்கு முன்னால் நின்று கத்தின. கடைசியில் அக்காவே மண்டியிட்டுத் தலையைப் பலகைக்கு அடியில் விட்டுக் காட்டினாள். நான் சிரிப்பதைப் பார்த்ததும், சிரித்தது போதும், பின்னாலிருந்து வாத்தை விரட்டு என்று அதட்டினாள்.

முட்டை திரும்ப வந்தது. அதோடு விட்டதா? தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்த வீட்டுச் சொந்தக்காரர் மாப்பிள்ளையைக் கண்டதும் ஓட்டமெடுத்தார். அவன் துரத்திப் போய் அவர் பேண்ட்டின் பின்பக்கத்தைக் கிழித்துவிட்டான். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு அவர் தீர்ப்பு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவாராம். அன்றைக்கும் அது மேலே பாய்ந்தால் கூஸ், வாத்து எல்லாமே அன்றே வெளியேற வேண்டுமாம்.

அக்கா அன்றைக்கே வேலையை ஆரம்பித்தாள். அவன் கழுத்தைத் தாழ்த்திக்கொண்டு வந்தால் இவள் நகரமாட்டாள். ஒரு கையால் கழுத்தைப் பிடித்து, மறு கையால் இறக்கையோடு சேர்த்து அணைத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாள். அப்படியே வாசல் பெருக்குவாள், துணி எடுப்பாள். என்னிடம் உப்பு கேட்டு வந்தபோதும் அவன் கக்கத்தில் இருந்தான். அவன் அடங்கினால்தான் கீழே விடுவாள். கையெல்லாம் கன்றிப்போயிருந்தது. ஒரு போடு போட்டால் என்ன என்று கேட்டேன். அடித்தால் அவளையும் போட்டிக்கு வந்த ஆண் கூஸ் என்று நினைத்து இன்னும் எகிறுவானாம்.

அவளிடம் அடங்கினால் போதுமா? என்னைக் கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்தினாள். அவன் சீறினான், நான் அசையவில்லை, போய்விட்டான். ஆக, ஓடினால்தான் துரத்துகிறான். வீட்டுக்காரரோ ஓடுகிற ஜாதி.

ஞாயிற்றுக்கிழமை அவர் தடியோடு வந்தார். அக்கா முதல் வேலையாக அதைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள்.

"சார், கையை ஆட்டாதீங்க, பின்னாடி போகாதீங்க. சும்மா நில்லுங்க."

"கடிச்சா என்னம்மா பண்றது?"

"நின்னு கடி வாங்கினா, இன்னிக்கே எல்லாத்தையும் வித்துடறேன். நீங்க ஓடி, அவன் துரத்தினா அந்தப் பேச்சு கிடையாது."

சொல்லிவிட்டு, அவர் ஓட வழியில்லாமல் கேட்டை மறைத்துப் பின்னாலேயே நின்றுகொண்டாள். மாப்பிள்ளை வந்தான். கழுத்தை நீட்டிச் சீறினான். வீட்டுக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. அவருடைய ஷூ கயிற்றை அவன் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான். அதில் சுவாரசியம் இல்லை என்று பட்டதோ என்னவோ, திரும்பித் தன் பெண்டாட்டிகளிடம் போய்விட்டான்.

வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, தலையில் குடம் வைத்த மாதிரி மெதுவாக நடந்து தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தார். வாத்துகளைக் காலி பண்ணச் சொல்லவில்லை. ஆனால் வெளியே போனதும் எதிர்வீட்டுக்காரரிடம், அந்த மாதிரி வாத்துகிட்ட தைரியமா நிக்கணும், அது எல்லாருக்கும் வராது என்று சொல்லிக்கொண்டிருந்தது இங்கே வரைக்கும் கேட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் நாலு வார்த்தை கேட்கட்டுமா என்றேன்.

"சொல்லட்டும் விடு. ஊரெல்லாம் சொல்லிட்டா, இனிமே அவரால ஓட முடியாது," என்று வாளியை எடுத்துக்கொண்டு வாத்துக்குத் தண்ணீர் மாற்றப் போனாள் அக்கா.