யாரும் கூப்பிட முடியாத போன்

கொழும்பு கொட்டாஞ்சேனை பேர்ணடெற்றிடம் இரண்டாவது போன் ஒன்று இருக்கிறது என்று தெரியவந்த அன்றைக்கு அவளுடைய அண்ணி றேணுகாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது, கலியாணம் கட்டாதவள், பகலில் ஒப்பிஸ், பின்னேரம் கோயில். இவளுக்கு எதற்கு இரண்டாவது போன்? கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஆள் யாரு?" என்று கேட்டே விட்டாள்.

பேர்ணடெற் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் போனில் ஆணோடும் பேச முடியாது, பெண்ணோடும் பேச முடியாது. சிம் இல்லை. ஸ்பீக்கர் செத்துப்போனது. மைக்கும் வேலை செய்யாது. கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரைக்கும் வெடிப்பு. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். வானத்துச் செய்மதிகளைப் பிடித்து, தான் எங்கே நிற்கிறது என்று சொல்லும். அதையும் சைக்கிளில் இருப்பவளுக்கு மட்டும் சொல்லும், வேறு ஒரு சீவனுக்கும் சொல்லாது. அதற்காகத்தான் அவள் அதை வாங்கினாள்.

இந்த சைக்கிள் பைத்தியம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. முப்பது வருஷமாக அவள் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கிளியரிங் கொம்பனியில் கிளார்க். தம்புள்ளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போகிற கொள்கலன்களுக்குப் பேப்பர் எழுதி அனுப்பிய கை, தன்னை மட்டும் வீட்டிலிருந்து ஒப்பிசுக்கும், ஒப்பிசிலிருந்து கோயிலுக்கும்தான் அனுப்பியது. அம்மா ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்தார். அப்போது அதுவும் சுருங்கியது. பிறகு இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது. அண்ணன் பிறெடி வானுக்குள்ளேயே படுத்தெழும்பி மூன்று நாள் வரிசையில் கிடந்தார். அவுஸ்திரேலியாவுக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பழைய சைக்கிளை வாங்கிய பேர்ணடெற், அந்த வரிசையைக் கடந்து ஒப்பிசுக்குப் போகும்போது அண்ணனைப் பார்த்து மணியை அடித்துவிட்டுப் போனாள். அந்த மணிச்சத்தத்தை பிறெடி இன்றுவரை மன்னிக்கவில்லை.

பெற்றோல் திரும்பி வந்தது. அவள் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் வெள்ளவத்தை வரை போனாள். அடுத்த மாதம் மொறட்டுவை, அதற்கடுத்தது களுத்துறை. உடம்பு இளைத்தது, முழங்கால் வலி போனது, வாயும் கொஞ்சம் நீண்டது. கடைசியாகச் சொன்னது றேணுகாவின் அபிப்பிராயம்.

பிறெடிக்கு இது பிடிக்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன் அவர். முப்பத்தைந்து வருஷம் உச்சியில் உட்கார்ந்து, கீழே கிடக்கிறதையெல்லாம் தூக்கித் தான் நினைத்த இடத்தில் வைத்துப் பழகியவர். தங்கச்சியையும் அப்படித்தான் வைக்கப் பார்த்தார்.

"போறதெண்டா போ. ஆனா லொக்கேஷன் அனுப்பு. நீ எங்க நிக்கிறாய் எண்டு எனக்குத் தெரியோணும்" என்றார்.

அவள் சிலாபத்துக்குப் புறப்பட்ட அன்று அனுப்பினாள். செய்த பிழை என்னவென்றால், அண்ணனுக்கு மட்டும் அனுப்பாமல் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் போட்டது. குறூப்பில் இருபத்திமூன்று பேர். கனடாவில் டொறத்தி அன்ரி, மெல்பேணில் சித்தப்பா, பாரிஸில் இரண்டு மச்சான்மார். இருபத்திமூன்று பேரும் அந்த நீலப் புள்ளியை உலைப்பானையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வத்தளையில் ஒரு பேக்கரியில் பணிஸ் தின்ன இறங்கினாள். கனடாவிலிருந்து போன் வந்தது. "ஏன் பிள்ளை இருவது நிமிஷமா ஒரே இடத்தில நிக்கிறாய்? மயக்கமா?" ஜா-எலவில் ஒரு சந்தியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று பார்க்கக் குனிந்த நேரம் மெல்பேண் கூப்பிட்டு, வரைபடத்தை மறைத்து, சித்தப்பாவின் முகம் வந்தது. சித்தப்பாவுக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஏதோ ஒரு மீன்வாடிக்குள் போய் முட்டிக்கொண்டு நின்றாள். லொக்கேஷனும் வரைபடமும் உறவுக்காரரும் சேர்ந்து குடித்த குடியில், நீர்கொழும்புக்கு அப்பால் கொச்சிக்கடையில் பற்றரி செத்தது. புள்ளி நின்றுவிட்டது.

அவ்வளவுதான். பாரிஸ் அழுதது. கனடா செபமாலையைக் கையில் எடுத்தது. பேர்ணடெற் ஒரு கடைக்காரரிடம் போன் வாங்கி, தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்வதற்குள் பிறெடி வானோடு நீர்கொழும்பைத் தாண்டிவிட்டார். "ஏறு" என்றார். கொட்டாஞ்சேனைத் தெரு முழுக்கப் பார்க்க, சைக்கிள் வானின் கூரையில் மல்லாந்து கிடந்தபடி வீடு வந்தது.

குளியலறைத் தண்ணீரைத் திறந்துவிட்டு அவள் அழுதாள். வெட்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். கால் ஓயவில்லை, சைக்கிள் முறியவில்லை, ரோட்டு ஒரு குற்றமும் செய்யவில்லை. தோற்கடித்தது அந்தப் புள்ளி. கொள்கலன்தான் எங்கே நிற்கிறது என்று மணிக்கொருதரம் கணக்குக் காட்ட வேண்டும். நான் என்ன கொள்கலனா?

அடுத்த சனிக்கிழமை அவள் கொம்பனித்தெருவுக்குப் போனாள். அங்கே ஒரு சின்னக் கடையில் ஷஹீமா என்ற பெண் போன் திருத்துகிறாள். மலிவாக ஏதும் பழைய போன் இருக்கிறதா என்று கேட்டதும், ஷஹீமா உடைசல் பெட்டிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். எடுத்தவளே மறுபடியும் உள்ளே போடப் பார்த்தாள்.

"இது சரிவராது மிஸ். காதும் கேக்காது, வாயும் பேசாது."

"செய்மதி பிடிக்குமா?"

"அது நல்லாப் பிடிக்கும். பற்றரியும் புதுசு. ஆனா யாரும் உங்களுக்குக் கோல் எடுக்க ஏலாதே."

"அதைத்தான் மகள் நான் தேடிக்கொண்டு வந்தனான்" என்றாள் பேர்ணடெற்.

ஷஹீமா சிரித்துவிட்டாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, இன்ரர்நெற் இல்லாமலே வேலை செய்கிற வரைபடத்தை முழு இலங்கைக்கும் அதில் இறக்கிக் கொடுத்தாள். வீட்டில் பேர்ணடெற் பழைய ரியூப்பை வெட்டி சைக்கிள் கைபிடியில் போனை இறுக்கிக் கட்டினாள். வெயிலில் திரை தெரியாமல் போனதால் பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒரு கூரை செய்து வைத்தாள். கூரைக்குக் கீழே வெடித்த கண்ணாடியோடு அது கற்குகைக் கெபிக்குள் நிற்கிற மாதா சுரூபம் மாதிரி இருந்தது.

ஆவணியில் தலவில் அன்னம்மாள் கோயில் திருவிழா வந்தது. வருஷாவருஷம் குடும்பமே வானில் ஏறி, பானை சட்டி பாய் தலகணியோடு போகும். கோயில் வளவில் மரத்தடியில்தான் தங்குவது. முதலில் போய்ச் சேருகிறவர் கயிறு கட்டி இடம் பிடிக்க வேண்டும். கயிறு கட்டியவர்தான் அன்னம்மாளுக்கு முதல் மெழுகுதிரி கொளுத்துவது. அப்பா கட்டினார், அப்பாவுக்குப் பிறகு பிறெடி கட்டினார். பேர்ணடெற்றுக்கு விதித்தது வெங்காயம் உரிக்கிற வேலை.

"இந்த முறை நான் சைக்கிள்ல வாறன்" என்று அவள் சொன்னபோது பிறெடி தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டார்.

"நூற்றைம்பது கிலோமீற்றர். கொச்சிக்கடையில பட்டது போதாதா?"

"பட்டதாலதான் சொல்லுறன்."

"சரி. பாதி வழியில நிண்டு என்னைக் கூப்பிட்டியெண்டா, அதோட சைக்கிள் பழைய இரும்புக்காரனுக்கு. சம்மதமா?"

"சம்மதம். நான் கூப்பிடாம வந்து சேந்தா, அதுக்குப் பிறகு இந்த வீட்டில ஒருத்தரும் என்னட்ட லொக்கேஷன் கேக்கப்படாது. கனடாவும் கேக்கப்படாது."

பிறெடி சிரித்துக்கொண்டு சம்மதித்தார். சைக்கிளை எடைக்குப் போட்டால் எவ்வளவு வரும் என்று றேணுகாவிடம் கண்ணாலேயே கேட்டார்.

வெள்ளி விடியற்காலை அவள் புறப்பட்டாள். சிம் உள்ள போனை அணைத்து, சைக்கிளில் கட்டிய பைக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். ஊமைப் போன் முன்னால் வழி காட்டியது. வத்தளையில் அதே பேக்கரியில் இறங்கி, வேண்டுமென்றே அரை மணித்தியாலம் இருந்து இரண்டு பணிஸ் தின்றாள். உலகத்தில் யாருக்கும் அது தெரியாது என்ற நினைப்பில் பணிஸ் நெய்யில் பொரித்ததுபோல ருசித்தது. "தனியமத யன்னே, நோனா?" என்று கடைக்காரர் கேட்டார். தனியாகத்தான் என்று அவள் சிங்களத்தில் சொன்னாள், தேவைக்கு மேலேயே சத்தமாக.

ஜா-எலச் சந்தியில் குனிந்தாள். வரைபடம் வரைபடமாகவே இருந்தது. யாருடைய முகமும் வரவில்லை. கொச்சிக்கடையைத் தாண்டும்போது மணியை அடித்தாள். இரவு சிலாபத்தில் கன்னியர் மடத்து அறையில் படுத்து, கட்டை போலத் தூங்கினாள்.

சனிக்கிழமை காற்று முதுகைத் தள்ளிக் கொடுத்தது. முந்தல் தாண்டியதும் பின்சக்கரம் சப்பென்று இறங்கியது. வெட்டவெளி, உச்சி வெயில். சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு ரயரைக் கழற்றி, கையெல்லாம் கரியோடு அவள் குந்தியிருந்த நேரம் பார்த்து ஒரு வான் வந்து நின்றது. பேய்க்குப் பயந்து சுடுகாட்டில் குடியிருந்த கதைதான். பிறெடியின் வான். ஜன்னலுக்கு ஜன்னல் சொந்தக்காரரின் தலை.

பிறெடி இறங்கி வந்தார். முகத்தில் சிரிப்பில்லை. தங்கச்சியின் சிவந்த முகத்தைப் பார்த்து உண்மையாகவே பயந்துவிட்டார்.

"ஏறு, பேர்ணி. சைக்கிளை மேல போடுவம். பந்தயமும் மண்ணாங்கட்டியும். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்."

அந்த அன்புதான் ஆபத்து. திட்டியிருந்தால் அவள் இலகுவில் மறுத்திருப்பாள். வானுக்குள் நிழல் இருந்தது, குளிர்ந்த சோடா இருந்தது, இருக்க ஒரு இடமும் விட்டு வைத்திருந்தார்கள். பிருஷ்டம் வேறு நெருப்பாக எரிந்தது. ஏறினால் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாமலே, சாகும்வரை அவளுக்கு வெங்காயம்தான்.

"நான் உங்களைக் கூப்பிட்டனானா?" என்றாள்.

"இல்லை, ஆனா..."

"அப்ப போங்க. சோறு ஆறிப்போகும்."

வான் பத்து நிமிஷம் இயந்திரத்தை அணைக்காமல் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. ஒட்டுப்போட்டு, காற்றடித்து, நிமிர்ந்தபோது ரோட்டு வெறுமையாக இருந்தது. அழுகை வந்தது. வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு ஏறி மிதித்தாள்.

பாலாவியில் தலவிலுக்குத் திரும்புகிற சந்தியில் வாகனம் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத குறை. பஸ், வான், லொறி, எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. கொஞ்சத் தூரம் ஓரத்தால் புகுந்து போனாள். பிறகு அதற்கும் வழியில்லை. நிழலில் நிறுத்தி ஊமைப் போனின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இடப்பக்கம் ஒரு மெல்லிய கோடு பிரிந்து, தென்னந்தோட்டங்களுக்குள்ளால் கடற்கரைப் பக்கமாய் வளைந்து போனது. பெயரில்லாத கோடு. வான் போக முடியாத கோடு.

பாதி மணல். இறங்கித் தள்ளினாள். வெங்காய மூடை கட்டிக்கொண்டிருந்த ஒரு மனுஷன் நிமிர்ந்து, "இந்த வழி உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். அவள் மட்டைக் கூரைக்குக் கீழே இருந்ததைக் காட்டினாள். "சரியாத்தான் சொல்லியிருக்கு" என்று சொல்லி ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்தார். கடைசி மூன்று கிலோமீற்றரில் கடல் இரைச்சல் கேட்டது. பிறகு மணி கேட்டது. கோயில் கோபுரம் தென்னைகளுக்கு மேலே எழும்பியபோது, அவள் யாருக்கும் பயப்படாமல், யாருக்கும் தெரியாமல், கெட்ட வார்த்தை ஒன்றை உரத்துச் சொன்னாள். சந்தோஷத்தில்தான். அதற்குப் பிறகு அன்னம்மாளிடம் மன்னிப்பும் கேட்டாள்.

வளவில் மரத்தடிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. அவர்களுடைய பழைய மரம் இன்னும் வெறுமையாக இருந்தது. உடுப்புக் காயப்போடுகிற கயிற்றை எடுத்து நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, மழைக்கோட்டை விரித்தாள். கோயிலடிக்குப் போய் மெழுகுதிரி வாங்கி வந்தாள்.

ஆராதனைக்கு மணியடிக்கிற நேரத்தில்தான் சிம் போனைத் திறந்தாள். திறந்ததும் அது அடித்தது. பிறெடி.

"பேர்ணி! நாங்க வந்திட்டம், வானை எங்கயோ தூரத்தில விடச் சொல்லிப்போட்டாங்கள். சனமெண்டா சனம், ஒண்டும் விளங்கேல்ல, எல்லா மரமும் ஒரே மாதிரி இருக்கு. நீ வந்திட்டியா? எங்க நிக்கிறாய்? லொக்கேஷனை அனுப்பு."

அவள் ஊமைப் போனைப் பார்த்தாள். அது தன்பாட்டில் அவள் நிற்கிற இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"அனுப்பமாட்டன்" என்றாள். "கேட்டுக் கேட்டு வாங்க. கயிறு கட்டியிருக்கிறன்."

அவர்கள் கேட்டுக் கேட்டு வந்து சேர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. பிறெடியின் சேட்டு நனைந்திருந்தது, றேணுகாவின் தலையில் பானை. கயிற்றுக்கு வெளியே நின்று பிறெடி சைக்கிளைப் பார்த்தார், வெடித்த போனைப் பார்த்தார், பழக்கதோஷத்தில் நெருப்புப்பெட்டியைத் தேடிச் சட்டைப்பைக்குள் கைவிட்டார். அப்போதுதான் மரத்தடியில் இருந்த மெழுகுதிரி கண்ணில் பட்டது. அது பாதிக்கு மேல் எரிந்து முடிந்திருந்தது.

"ஆர் கொளுத்தினது?" என்றார்.

"கயிறு கட்டினவள்" என்றாள் பேர்ணடெற். வெங்காயப் பையை அவர் கையில் கொடுத்தாள்.