ஆனைக்கு மட்டும் எடுக்கிற இலை

சண்முகத்தாய்க்குப் பசி பொறுக்காது. போடியில் ஏலக்காய் மண்டிகளில் காய் பொறுக்கும் பெண்கள் ஒரு வாய் கஞ்சியைக் குடித்துவிட்டு வயிறு நிறைந்ததாகப் பாவலா காட்டுவார்கள். இவளுக்கு அந்தச் சோலி கிடையாது. "பசிக்குதுன்னு சொல்ல என்ன வெக்கம்? மூட்டை தூக்குற ஒடம்புக்கு மூணு உருண்டை காணுமா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு கும்பா வாங்குவாள். தின்னிப் பொம்பளை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேசட்டுமே, பேசுகிறவன் வீட்டுச் சோற்றையா தின்றாள்?

யுத்தத்தில் பிடுங்கிய தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு மதுரைக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த சமயம் அது. அவள் புருஷன் ஒச்சப்பன் குரங்கணி மலைப்பாதையில் காய் மூட்டையோடு இறங்கும்போது சறுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். மதுரையில் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். மாசக்கணக்கில் கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவனுக்கு ரொட்டியும் பாலும் வந்தன. கூட இருக்கிறவள் பாடு அவள் பாடு.

கொண்டுபோன புளிச்சோறு தீர்ந்ததும் சண்முகத்தாய் சோறு தேடிப் புறப்பட்டாள். பன்னையும் டீயையும் வைத்துக் காலந்தள்ளினால் ஒச்சப்பனைத் தூக்கி உட்காரவைக்கத் தெம்பிருக்காது. இவளும் படுத்துவிட்டால் அவன் வாயில் தண்ணீர் ஊற்றக்கூட ஆளில்லை. பளிங்கு மேசை போட்ட ஓட்டலில் விலையைக் கேட்டதுமே திரும்பிவிட்டாள். ரோட்டோரம் ஒருத்தி விற்ற சோற்றில் சோடா உப்பு வாடை அடித்தது. முதல் கவளத்தையே துப்பினாள்.

"அடப்பாவி மக்கா! இம்புட்டுப் பெரிய ஊருல நல்ல சோத்துக்கு வழியில்லையா?"

அப்புறம்தான் புத்தி வந்தது. போடியில் வண்டிக்காரன் எங்கே சாப்பிடுகிறானோ அங்கே சோறு மலிவாகவும் இருக்கும், வாய்க்கு ருசியாகவும் இருக்கும். மதுரையில் மட்டும் மாறிவிடுமா என்ன? உச்சிவேளையில் ஜட்காக்காரர்கள் இருவர் பின்னாலேயே நடந்தாள். ஒரு சந்துக்குள் சோலைமலை என்பவரின் சாப்பாட்டுக் கடை இருந்தது. கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசம் வாசலுக்கு வந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே நுழைந்தவளைக் கல்லாவிலிருந்து சோலைமலை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது ஆம்பளைக உக்கார்ற எடம். பின்பக்கமா வா, சட்டியில ஊத்தச் சொல்றேன்."

"எல்லாரும் குடுக்குற காசத்தானண்ணே நானும் தர்றேன்? பின்பக்கம் எதுக்கு வரணும்?" என்றவள் பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்தே விட்டாள். கூட்ட நேரத்தில் ஒரு பொம்பளையோடு மல்லுக்கு நிற்க அவருக்கு மனமில்லை. போடு என்று கையைக் காட்டினார்.

சோறு பூவாக வெந்திருந்தது. குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மறுபடி குழம்புக்கு ஒரு தரம் என்று கேட்டு வாங்கித் தின்றாள். விழுந்த புருஷனைப் பார்த்த நாளிலிருந்து கண்ணில் நின்ற இருட்டு அப்போதுதான் விலகியது.

எழுந்தபோதுதான் தப்புச் செய்தாள். அவள் காய் எடுக்கப் போகிற ஏலமலையில் இலை போட்டுச் சாப்பிட்டால் அவரவர் இலையை அவரவரே எடுத்துக் குழியில் போட்டு மண்ணைத் தள்ள வேண்டும். மீந்த பருக்கையின் வாடைக்குப் பன்றி வரும், சமயத்தில் ஆனையே வரும். கங்காணி ஆனாலும் அதே வழக்கம்தான். அந்தப் பழக்கத்தில் கை தானாக இலைக்குப் போனது.

"ஆங், அப்படி எடுத்துட்டுப் போ," என்றார் சோலைமலை. "ஒன்ன மாதிரி ஆளுகள உக்காரவிட்டதே பெருசு."

சண்முகத்தாய் திரும்பிப் பார்த்தாள். ஆம்பளைகள் தின்ற இலைகள் போட்டது போட்டபடி கிடந்தன. அவற்றை எடுக்க ஒரு ஆள் கூடையோடு வந்துகொண்டிருந்தான். அவளுக்கு உச்சி கொதித்தது. மடித்த இலையை மறுபடி விரித்து மேசைமேல் போட்டாள்.

"எங்க மலையில ஆனைக்குப் பயந்து இலையெடுப்போம். ஒனக்கு எதுக்குய்யா நான் பயப்படணும்?"

ஜட்காக்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். சோலைமலையின் முகம் கறுத்தது. "நாளைக்கு இந்தப் பக்கம் வந்துறாத!"

"வருவேன். கொழம்பு நல்லாருக்கு."

நடந்ததைக் கேட்டு ஒச்சப்பன் படுத்தபடியே பயந்தான். "வந்த எடத்துல வம்பெதுக்கு புள்ள? வேற கடை பாரேன்."

"மத்த கடைச் சோறு நாறுது. நல்ல சோறு அங்க இருக்கு, காசு எங்கிட்ட இருக்கு. நான் எதுக்கு நாத்தச் சோத்துக்குப் போகணும்?"

மறுநாள் காசை முதலிலேயே கல்லாவில் வைத்துவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்தாள். சோலைமலை கண்ணைக் காட்ட, பரிமாறுகிறவன் இவளைத் தாண்டித் தாண்டிப் போனான். இவள் அசையவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் தின்று எழுந்தார்கள், வேறு ஆட்கள் உட்கார்ந்தார்கள். குழம்பு வாசம் வயிற்றைக் கிள்ளியது. வாசலில் இடத்துக்காகக் காத்து நின்ற ஜட்காக்காரர்களில் ஒருவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ் சோலைமலை, அந்தம்மாவுக்குப் போட்டுத் தொலைய்யா! அது திங்காம எந்திரிக்காது, அது எந்திரிக்காம நான் எப்ப உக்கார்றது?"

ஆமா, ஆமா என்று பின்னால் நின்றவர்களும் கத்தினார்கள். சோறு வந்தது. சண்முகத்தாய் அவசரப்படவில்லை. மூன்று தரம் கேட்டு வாங்கி நிதானமாகத் தின்று, கை கழுவி வந்தாள். இலை கிடந்தது. கூடைக்காரன் தண்ணீருக்குப் போயிருந்தான். அந்த ஜட்காக்காரனோ இலைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். பார்த்துப் பார்த்து நின்ற சோலைமலை கடைசியில் தானே வந்து இலையைச் சுருட்டி எடுத்தார்.

"அண்ணே, ரசத்துல இன்னைக்கு உப்புக் கம்மி," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

ஒச்சப்பன் எழுந்து நடக்கும்வரை அங்கேதான் சாப்பிட்டாள். அதற்கப்புறம் போடியிலும் எந்தக் கடையிலும் பின்பக்கம் போய் நின்றதில்லை, தின்ற இலையை எடுத்ததில்லை. காய் எடுக்க மலைக்கு ஏறினால் மட்டும், தின்று முடித்ததும் குனிந்து இலையை எடுத்துப் போய்க் குழியில் போட்டு மூடுவாள். அந்த மரியாதை ஆனைக்கு.