பல்லில் ஊறிய தண்ணீர்

கனடாவில் லிஃப்ட்டுக்குள் யார் நுழைந்தாலும் அத்தனை பல்லும் தெரியச் சிரிக்க வேண்டும். எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் அப்படிச் சிரித்தால், "ஏனுங்க, ஏதாச்சும் வேணுங்களா?" என்று நிறுத்திக் கேட்டுவிடுவார்கள். மூன்று வருடமாக நான் உதட்டை மூடியே சிரித்து வந்தேன். நான் வேலை செய்யும் உதிரிபாகக் கடையில் என்னைக் கிடங்கிலிருந்து முன் கவுண்டருக்கு மாற்ற முடிவானதும், வாசலில் மாட்ட ஒரு சிரித்த படம் கேட்டார்கள். "உனக்கு எங்கள் மேல் கோபமா?" என்றார் என் மூடிய உதட்டைப் பார்த்த மேலாளர். கோபமில்லை, பல்தான். என் பற்களில் பழுப்புத் திட்டுகள். பக்கத்துக்கு ஒன்றாய் எருமை மேய்வது போல் இருக்கும்.

மருந்துக்கடையில் பல்லை வெளுக்க ஒட்டும் வெண்மைப் பட்டை வாங்கி முதலில் மேல்வரிசையில் ஒட்டினேன். நாலாம் நாள் ஈறு எரிந்தது. ஐஸ் தண்ணீர் குடித்தால் மண்டை வரை கூசியது. அதோடு நிறுத்தியதால் கீழ்வரிசை தப்பியது. பழுப்பு போகவில்லை. சுற்றியிருந்த வெள்ளைதான் கூடி, எருமைகள் இன்னும் எடுப்பாகத் தெரிந்தன.

பல் மருத்துவரிடம் போனேன்.

"எத்தனை காபி?" "இரண்டு." "சிகரெட்?" "இல்லை." "சிவப்பு ஒயின்?"

"தண்ணீர்தான் காரணம்," என்றேன். நகைச்சுவை என்று நினைத்து நன்றாகச் சிரித்தார்.

நான் சொன்னது உண்மை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் ஊரில் எண்ணூறு அடி போர் போட்டார்கள். தண்ணீரோடு பல்லைப் பழுப்பாக்கும் ஃப்ளோரைடும் ஏறி வந்தது யாருக்கும் தெரியாது. போர் போட்ட ரிக் வண்டி எங்கள் அப்பாவுடையது. அந்த வகையில் ஊரார் பல்லிலெல்லாம் எங்கள் குடும்பத்தின் கையெழுத்து உண்டு.

மருத்துவர் பெயிண்ட் கடை நிற அட்டை போல ஒன்றை என் பல்லருகே பிடித்தார். எதுவும் பொருந்தவில்லை. ஈறுக்குக் காப்புப் போட்டு, வீரியமான மருந்து தடவினால் ஒரே அமர்வில் வெளுக்குமாம். ஆனால் இந்தப் பழுப்புக்கு மேற்பரப்பை லேசாகச் சுரண்ட வேண்டும், அல்லது உறை போட வேண்டும். பட்டையா, மருத்துவர் நாற்காலியா என்று கேட்கும் நண்பர்களே, காபிக் கறைக்குப் பட்டையே போதும். நம் ஊர்க் கறையென்றால் முதலில் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள்.

வீடியோவில் தங்கை கவிதாவிடம் காட்டினேன். நாமக்கல் பக்கம் பள்ளி ஆசிரியை. அதே தண்ணீர், அதே பல்.

"ஏண்ணா, பாதிச் செவுத்துக்கு வெள்ளையடிச்சு உட்டுட்டயா?"

"சிரிக்காத புள்ள. நீ என்ன பண்ணுன?"

"அஸ்தம்பட்டி டாக்டரம்மாகிட்ட நானும் போனேன். வாயப் பாத்ததுமே, 'எந்தூருப் போர் தண்ணிங்க?'ன்னாங்க. சுரண்டிச் சரி பண்ணலாம்னாங்க. வேண்டாம்னுட்டு வந்துட்டேன்."

"ஏன், பயமா?"

"எங்கிட்டப் படிக்கற புள்ளைங்க வாயெல்லாம் எம்பட மாதிரித்தாண்ணா. நான் மட்டும் வெளுத்துட்டுப் போயி நின்னா அதுங்க வாயப் பொத்திக்கும். நீயே இத்தன வருசம் பொத்தீட்டுத்தான இருந்த?"

பல்லைச் சுரண்ட மருத்துவரிடம் வாங்கியிருந்த நேரத்தை ரத்து செய்தேன்.

வெள்ளிக்கிழமை படமெடுப்பவர், "கொஞ்சமாகச் சிரித்தாலும் போதும், கணினியில் வெளுத்துவிடலாம்," என்றார். "ஒன்றையும் தொடாதீர்கள்," என்று சொல்லிவிட்டுக் கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தேன். இப்போது கடை வாசலில் அந்தப் படம் தொங்குகிறது. மேல்வரிசை கனடா மருந்துக்கடைச் சரக்கு; கீழ்வரிசை எண்ணூறு அடி ஆழத்துத் தண்ணீர். சோற்றை மெல்ல எனக்கு இரண்டும் வேண்டும்.