பின்னால் வராத பெண்கள்

நாற்பது தாண்டிய வயதில், கையில் சாக்கட்டியோடு, இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் அசடு வழிய நின்றேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேலையில் சேர்ந்த முதல் நாள். மணி அடித்து நெடுநேரம் ஆகியிருந்தது. ஹெட்மாஸ்டர் வந்து, "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார். "பெண்களை" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் வகுப்பை எட்டிப் பார்த்தேன். பெண்கள் உள்ளே, பையன்களுக்கு நடுவே, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் தென்காசியில் நான் சரித்திரம் நடத்தியபோது பெண்பிள்ளைகள் தனியறையில் காத்திருப்பார்கள். வாத்தியார் புறப்பட்டால் இன்ஜினுக்குப் பின்னால் பெட்டிகள்போல வருவார்கள். பாடம் முடிந்ததும் அதே வரிசையில் அவரோடு வெளியேறுவார்கள். வாத்தியார் இல்லாத வகுப்பில் பெண் உட்காரக் கூடாது. வாத்தியார் இருக்கிற வகுப்பில் பேசக் கூடாது. இரண்டாவதை யாரும் சொன்னதில்லை; சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

பூரணம் என்ற பிள்ளைக்கு மட்டும் சந்தேகம் வரும். அதே வகுப்பில் படித்த அவளுடைய மாமன் மகன் சுடலைமுத்து, அதை வீட்டில் கேட்டுக்கொண்டு மறுநாள் எழுந்து கேட்பான். அவனை மகா புத்திசாலி என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். கலிங்கப் போர் நடத்திய மறுநாள் எழுந்தான். "சார், செத்தவங்களுக்கு எத்தன பெஞ்சாதி?"

வகுப்பு சிரித்து உருண்டது. பெண்கள் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏலே, நான் அப்படியா கேட்டேன்? செத்தவங்கள எண்ணினாங்களே, வீட்டுல மிஞ்சின பொம்பளைகள யாரு எண்ணினாங்கன்னுல்லா கேட்டேன்!"

பையன்கள் மேஜையைத் தட்டித் தீர்த்தார்கள். நான் ஏதோ ஒரு பதிலை, சுடலைமுத்துவைப் பார்த்துச் சொன்னேன்.

அந்த வருஷச் சாரல் சீசனில் பிள்ளைகளைக் குற்றாலத்துக்கு அழைத்துப்போனோம். பேரருவியில் பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். அதில் பூரணத்தின் குரல் தனியாகக் கேட்டது. "இந்தத் தொண்டைய மத்த நாள்ல எங்கன வச்சிருக்கா அண்ணாச்சி?" என்றார் கணக்கு வாத்தியார். இரைச்சலில் வார்த்தை யாருக்கும் கேட்காது என்ற தைரியம்தான் அவளுக்கு.

இங்கிலாந்துப் பள்ளியில் என்னை ஒரு வருஷச் சோதனையில் வைத்திருந்தார்கள். அது முடிகிற சமயத்தில் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். "மற்ற வகுப்புகளில் பெண்கள் வாயை மூடுவதில்லை, உங்கள் வகுப்பில் திறப்பதில்லை. நீங்கள் அவர்களைப் பார்ப்பதே கிடையாது. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார்." மிச்சத்தை மரியாதை கருதி விழுங்கிவிட்டார். முள்ளை ஒதுக்கி மீன் தின்பவன்போல என் கண் பையன்களை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தது எனக்கே தெரியாது. கப்பலேறி ஊர் திரும்பினால் பஸ் ஸ்டாண்டில் என்ன கேட்பார்கள் என்று ஒத்திகை பார்த்ததில் அந்த வாரம் தூக்கமே போயிற்று.

வெள்ளிக்கிழமை, பின்பெஞ்சில் இன்ஸ்பெக்டர். பாடம், போன மகாயுத்தம். பயத்தில் குறிப்பெல்லாம் மறந்து, வாயில் வந்தது பூரணத்தின் கேள்விதான். மார்கரெட் என்ற பெண்ணின் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். அவள் பின்னால் திரும்பி, வேறு யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"என்னையா கேட்கிறீர்கள், சார்?"

"உன்னைத்தான்."

"யாரும் எண்ணவில்லை. எங்கள் அம்மாவும் அதில் ஒருத்தி" என்றாள்.

பிறகு அவள் பேசினாள். அவள் முடிப்பதற்குள் இன்னொருத்தி, அப்புறம் நாலைந்து பேர் ஒன்றாக. எனக்குப் பேரருவி இரைச்சல் காதில் விழுந்தது. ஒரு வித்தியாசம், இங்கே வார்த்தைகள் கேட்டன.

வேலை நிலைத்தது. இருந்தும் வகுப்பு வாசலில் என் கால் இன்றைக்கும் ஒரு கணம் தயங்குகிறது; முதுகுக்குப் பின்னால் தென்காசி வரிசை வருகிறதா என்று பார்க்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய், தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடிக்காரியான என் மனைவி செல்லம்மாளிடம் பூரணத்தில் தொடங்கி இத்தனையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"திங்கக்கிழமையில இருந்து ஒரு காரியம் சொல்லணும்னு நிக்கேன். நேரா உங்ககிட்டயே சொல்லலாமா, இல்ல சுடலைமுத்துகிட்ட சொல்லி விடணுமா?"