சைபர் முனையைப் பிடித்தவன்

கால் வைத்தால் முழங்கால் வரை இறங்குகிற தாராவிச் சேற்றில் மூன்று மாடி எழுப்பியவன் நான். லாரி நுழையாத சந்துக்குள் மணலையும் ஜல்லியையும் தலைச்சுமையாகவே கொண்டுபோய், செம்பூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல்தளம் போட்டவன் நான். உல்லாஸ்நகரில் ஒரு சேட்டின் சரக்குக் கிட்டங்கி, மாட்டுங்காவில் எந்த மழைக்கும் ஒழுகாத மொட்டை மாடிகள், எங்கள் சர்ச்சின் மணிக்கூண்டு, எல்லாம் இந்தக் கை பட்டவை. மணிக்கூண்டு ஒரு மழைக்குத் தாங்காது என்று சொன்னவர்கள் இன்று அதன் சத்தம் கேட்டுத்தான் கண் விழிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி, இங்கே சிமெண்டுச் சட்டி சுமந்து, பிறகு கொத்துக்கரண்டி பிடித்து, பிறகு கான்ட்ராக்டர் ஆனவன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை.

இவை எல்லாவற்றையும்விட நான் எழுப்பிய பெரிய வேலை என் வீட்டுக்காரிதான். அவள் இன்று செம்பூரில் ஓர் ஆபீசில் சீனியர் குவான்டிட்டி சர்வேயர். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு செங்கல், எவ்வளவு கம்பி, எவ்வளவு பூச்சு என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லுகிற உத்தியோகம். வேலை முடிந்ததும், கான்ட்ராக்டர் சொல்லுகிற அளவு சரிதானா என்று நேரில் வந்து அளந்து பார்ப்பதும் அவர்கள்தான். அவர்களைக் கண்டாலே நாங்கள் பில்லை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்வோம். அப்படி ஒருத்தியை என் வீட்டிலேயே உண்டாக்கி வைத்தேன் என்றால் என் தைரியத்தை என்னவென்று சொல்வது.

அது நடந்த விதம் இதுதான். நான் வாயால் சொல்லச் சொல்ல வேலை விவரங்களை எழுதித் தருவது அவள் வழக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். அப்படி எழுதிய தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்தச் செம்பூர் ஆபீசுக்குப் போயிருந்தேன். ஆபீசை நடத்தியவர் மாட்டுங்கா அம்மா ஒருவர். எல்லாருக்கும் அவர் மேடம். தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது யார் எழுதினது?" என்றார். என் வீட்டுக்காரி என்றேன். "நீங்க சொன்னதை அப்படியே எழுதலை அவ. கான்ட்ராக்டர்கள் எல்லாம் ரெண்டு தடவை சொல்ற சுவரை ஒரு தடவைதான் எழுதியிருக்கா. அவளை நாளைக்கே வரச் சொல்லுங்கோ" என்றார். அப்போதே எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். பெருமையில் புரியவில்லை.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயம் அது. அவள் அங்கே டிரெய்னியாகச் சேர்ந்தாள். கூடப் பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாம் டிப்ளமா முடித்த சின்னப் பிள்ளைகள். இவளை ஆன்ட்டி, ஆன்ட்டி என்று சுற்றி வருவார்களாம். காலையில் அவளை டிபன் டப்பாவோடு அனுப்பிவிட்டு நான் குழம்பு வைப்பேன். அடுத்த வீட்டில் இருந்த என் அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. வாசலில் வந்து நின்றாள்.

"ஏல, அவ ஆபீசுக்கு, நீ அடுப்புக்கா? அந்த மீசையை எதுக்கு வச்சிருக்க, குழம்புல முக்கவா?"

"மீசை கெடக்கட்டும்க்கா. குழம்பு எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

"உப்புக் கம்மி" என்று சொல்லி ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவள் படித்ததை ஒப்பிப்பாள். பூச்சு வேலையில் சின்னத் துவாரத்துக்கு அளவில் கழிவு கிடையாது, சன்னல் என்றால் ஒரு பக்கம் மட்டும் கழிக்க வேண்டும், பெரிய வாசல் என்றால் இரண்டு பக்கமும் கழித்து ஓரங்களைக் கூட்ட வேண்டும். சோறு பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். இத்தனை காலம் சன்னலையும் சேர்த்தே பூசியதாகச் சொல்லி வந்த எனக்கு ஒவ்வொரு கவளமும் மெதுவாகத்தான் இறங்கியது.

பயிற்சி முடியும் தறுவாயில் மேடம் ஒரு சோதனை வைத்தார். வடாலாவில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். அதன் வெளிப்பூச்சைத் தனியாக அளந்து வர வேண்டும். பிறகு மேடமே போய், தனக்குப் பிடித்த இரண்டு சுவர்களை மறுபடி அளப்பார். ஒத்துப்போனால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இதில் என்ன விசேஷம் என்றால் அந்தப் பூச்சு வேலை என்னுடையது. அது சரியில்லையே என்று அவள் கேட்டதற்கு மேடம், "அடுத்தவா வேலையை எல்லாரும் நேரா அளந்துடுவா. நீ ஆத்துக்காரர் வேலையை அளந்து காட்டு" என்றாராம். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கோ சிரிப்பு. நம்ம வேலை, நம்ம ஆள், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டேப்பின் எண் பார்க்கிற பக்கம் சர்வேயர் நிற்பார்; எண் தொடங்குகிற சைபர் முனையைக் கான்ட்ராக்டரின் ஆள் பிடிப்பான். அன்று என் ஆளை விலக்கிவிட்டு நானே பிடித்தேன். சைபர் முனையைச் சுவரின் விளிம்போடு ஒட்டிப் பிடிக்காமல் இரண்டு விரற்கடை வெளியே தள்ளி, கட்டை விரலால் மறைத்துப் பிடிப்பது ஒரு கலை. ஒவ்வொரு சுவரும் கொஞ்சம் வளரும். அந்தக் கைப்பழக்கத்தில் என்னை மிஞ்சியவன் இந்தப் பம்பாயில் கிடையாது. நினைத்துச் செய்தது இல்லை. டேப்பைத் தொட்டால் விரல் தானாக அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதல் சுவர். எண்ணைப் பார்த்தாள். எழுதவில்லை.

"ஏங்க, சைபர் எங்க நிக்கி?"

"மூலையிலதான் நிக்கி."

"மூலை சுவத்துல இருக்கு. நீங்க வடாலா ஸ்டேஷன்ல நிக்கிய."

சாரத்தின் மேல் இருந்த கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருவன், "மொதலாளி, ராத்திரி வீட்டுல சோறு உண்டுமா?" என்று கத்தினான். "சோறு வைக்கதே நான்தாம்ல" என்று திருப்பிக் கத்தினேன். அதற்கும் சிரித்தார்கள்.

"ஏட்டி, ஆளுக முன்னாடி..." என்று பல்லைக் கடித்தேன். அவள் டேப்பின் ஓரமாகவே நடந்து வந்து, என் கட்டை விரலை இரண்டு விரலால் எடுத்து அப்புறப்படுத்தி, சைபரைச் சுவர் விளிம்பில் வைத்து, "இப்பப் பிடிங்க. இழுத்துப் பிடிங்க. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு" என்றாள். அன்று பொழுது சாயும் வரை, வெயிலில், ஒரு மயிரிழை விலகாமல் நான் பிடித்த மாதிரி சைபர் முனையை எவனும் பிடித்திருக்க மாட்டான்.

மறுவாரம் மேடம் வந்து இரண்டு சுவர்களை அளந்தார். அச்சாக ஒத்துப்போனது. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். "சைபர் முனையை முதல்ல பாக்கணும்னு உனக்கு யார் சொல்லிக்கொடுத்தா?" என்று கேட்டார். பக்கத்திலேயே நான் நிற்கிறேன். என் வீட்டுக்காரி கூசாமல், "நீங்கதான் மேடம்" என்றாள்.

இப்போது சிவப்பு வெளிச்சம் விடுகிற கருவியால் அளக்கிறார்கள். எதிர் முனையில் ஆளே வேண்டாம். ஆனாலும் தன்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு அவள் முதல் நாள் டேப்பைத்தான் கொடுக்கிறாளாம். சென்ற மாதம் எங்கள் ஊர்ச் சங்கத்தில் அவளுக்குச் சால்வை போட்டார்கள். மேடைக்கு எதிரே முதல் வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். மேடத்துக்கு நன்றி சொன்னாள், பாதிரியாருக்குச் சொன்னாள், குழம்புக் கிண்ணத்தை மறக்காமல் திருப்பித் தந்ததாக என் அக்காவுக்குக்கூடச் சொன்னாள். வீட்டுக்கு வந்து கேட்டேன். "நீங்க என்னத்தைச் சொல்லிக்கொடுத்திய?" என்று சிரிக்கிறாள்.

சங்கம் இப்போது ஆண்டு மலர் போடுகிறது. அதில் அவளைப் பற்றி ஒரு பக்கம் வரப்போகிறதாம். எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். என் மாதிரிக் கட்டை விரலோடு வருஷக்கணக்கில் குடித்தனம் நடத்தாதவள் அந்த முதல் சுவரில் ஏமாந்திருப்பாள். புத்தகத்தில் அது கிடையாது, மேடத்துக்கும் அது தெரியாது. அவளைச் சர்வேயர் ஆக்கியதில் பெரும்பங்கு என்னுடையது. அதனால் அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போட வேண்டும். அடியில் சின்ன எழுத்தில் வேண்டாம். அவள் பெயர் எந்த அளவோ, அதே அளவில்.