ஏழு பேர் பார்த்த முன்பக்கம்

பிறந்த அன்றே என் மகனின் முன்பக்கத்தை ஏழு பேர் பார்த்தார்கள். திண்டிவனத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் துண்டை விலக்கி விலக்கிப் பார்த்து, "சிங்கக்குட்டி!" என்று மாமியார் குதித்தார். நாத்தனார் போனில் ஊருக்கே சொன்னாள். பின்பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நானும்தான், என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் குழந்தை பச்சையாகக் கக்கியது. வயிறு பூரிபோல உப்பியது.

"இன்னும் வெளிக்கே போவல அத்தை."

"சேனை வெச்சா எல்லாம் சரியாப் பூடும்" என்று மாமியார் சர்க்கரைத் தண்ணீர் கலக்கினார். டாக்டர் துண்டின் மேலேயே கைவைத்து, "கேஸ்தான்" என்றார். அவ்வளவு படிப்பும் ஒரு துண்டைத் தாண்டவில்லை.

துணி மாற்ற வந்த ஆயாதான் குழந்தையைக் குப்புறப் போட்டார். "ஐயோ, புள்ளைக்கு ஓட்டையே இல்லம்மா! யாரும் பாக்கலியா? ஜல்தி டாக்டரக் கூப்புடு!"

மாமியார் என் காதில் சொன்னார்: "வெளிய சொல்லாத. மானம் பூடும்."

ஓட்டை இல்லாதது குழந்தைக்கு. மானம் போவது இவருக்கு. தூ!

ஆம்புலன்ஸில் விழுப்புரம் போனோம். குதத்துவாரம் இன்மை (மலம் வெளியேறும் துளை இல்லாமல் பிறப்பது) என்றார் அங்கிருந்த பெண் டாக்டர். வயிற்றைக் காலியாக்க வாய்வழியாகக் குழாய் விட்டார். "வாயில ஒரு சொட்டுகூட வைக்காதீங்க. குழந்தைய சூடா வெக்கிற வார்மர் காலி இல்ல. ஆபரேஷன் வரைக்கும் உன் நெஞ்சுதாம்மா வார்மர். குடல் கிழிஞ்சிட்டா காப்பாத்தறது கஷ்டம்." ஜாக்கெட்டைக் கழற்றி அவனை மார்போடு ஒட்டிக்கொண்டேன். செத்துவிடுவானோ என்று அவன் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

கோலோஸ்டமி (பெருங்குடலை வயிற்றில் திறந்து மலம் போக வழி வைப்பது) செய்தார்கள். பிழைத்தான். பார்க்க வந்த நாத்தனார் முந்தானையால் மூக்கை மூடினாள். "எத்தினி நாளைக்கு அண்ணி இத வெச்சிக்கினு இருப்ப?"

"உனக்கு இருக்கிற எடத்துல இவனுக்கும் வர்ற வரைக்கும்."

சில மாதங்களில் துளை அமைத்தார்கள். பிறகு வயிற்று வழியை மூடினார்கள். முதல்முறை சரியான இடத்தில் போனது மாமியாரின் பட்டுப்புடவையில். அவர் அலறினார். நான் அழுதேன், சந்தோஷத்தில். இப்போதும் எனக்கு நல்ல நாள் என்பது அவன் வெளிக்குப் போன நாள்தான்.

போன வாரம் கிளியனூரில் சொந்தக்காரர் வீட்டில் புதிதாகப் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனேன். கையில் வாங்கியதும் திருப்பிப் பார்த்தேன். முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும். இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் நினைவு வந்தது: ஆணா பெண்ணா என்று பார்க்கவே இல்லை.