இரவல் வாங்கிய லென்ஸ்

மெர்லிமா டவுனில் ஒரு வீட்டு நிச்சயதார்த்தம். நான் பெண் வீட்டுப் புகைப்படக்காரன். சின்ன ஹால். சுவரோடு ஒட்டி நின்றும் என் லென்ஸில் பாதிப் பேர்தான் விழுந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கூட்டி வந்த போட்டோகிராபருக்கும் எனக்கும் தொழிலில் ஆகாது. அவர்தான் தன் வைட் ஆங்கிள் லென்ஸைக் கழற்றி நீட்டினார்.

"உங்க கேமரா வேற பிராண்டுண்ணே. இந்த அடாப்டர போட்டா உட்காந்துக்கும். ஆனா ஆட்டோ போகஸ் வேலை செய்யாது, கையாலதான் திருப்பணும் லா."

மெதுவாகத் திருப்பினேன். கூட்டம் முழுதும் தெளிந்தது. கூடவே, படத்தின் ஓரத்தில், சமையலறை வாசலில் நின்ற பெண்ணின் அம்மாவும் தெரிந்தார். கணவரை இழந்தவர், நல்ல காரியத்தில் முன்னால் வரக்கூடாதென்று தானாகவே ஒதுங்கியிருந்தார். வாங்க என்று கூப்பிட்டால் உள்ளே போய்விடுவார் என்று தோன்றியது.

"ஆன்ட்டி, நீங்க இங்க வரவேணாம். அங்கேயே நில்லுங்க, படத்துல இருக்கீங்க," என்றேன்.

அவர் அவசரமாக முந்தானையைச் சரிசெய்துகொண்டார். மகள் திரும்பிப் பார்த்தாள். அழுத்தினேன்.

அந்த மாதிரி லென்ஸில் ஓரத்து முகங்கள் கொஞ்சம் இழுபடும், படத்தின் ஓரத்தை வெட்டிவிடுவதுதான் வழக்கம். வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தேன். ஹாலே என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மாவும் மகளும் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் ஓரத்தை வெட்ட எனக்கு மனம் வருவதில்லை.